அம்மாவின் சர்க்கரையை எதைக் கொண்டு அளப்பது?

அம்மாவுக்கு 67 வயது. பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரையைக் காலையிலும் இரவிலும் உணவுக்கு முன் போட்டுக்கொள்கிறார், இன்சுலின் இல்லை. தஞ்சாவூர் வீட்டில் அவரும் அப்பாவும் மட்டும் இருக்கிறார்கள். சென்னையில் இருக்கும் அண்ணன், சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும், கையில் ஒட்டும் சென்சாரை வாங்கி மாதம் முழுவதும் போட்டுவிட்டால் அளவுகள் நம் கைபேசிக்கே வந்துவிடும் என்றார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை லேபில் கொடுக்கும் ரத்தமே போதும் என்பது அப்பாவின் கருத்து. விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்க வாங்கி அலமாரியில் சும்மா கிடக்கும் குளுக்கோமீட்டரை ஒழுங்காகப் பயன்படுத்தினாலே போதாதா என்று எனக்குத் தோன்றியது. இதற்கிடையில் ஊசியே குத்தாமல் சர்க்கரை காட்டும் கைக்கடிகாரம் ஒன்றின் விளம்பரத்தை உறவினர் ஒருவர் அனுப்பிவைத்தார்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னையின் மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் நடத்தி 2023-இல் வெளியான பெரிய ஆய்வு, நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் என்று மதிப்பிட்டது. எனவே எங்கள் வீட்டில் எழுந்த கேள்வி பல வீடுகளில் எழுந்துகொண்டிருக்கும் என்ற எண்ணத்தில், நாங்கள் எதை எதோடு ஒப்பிட்டோம், எந்தக் காரணத்துக்காக எதைத் தேர்ந்தோம் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

ஒப்பிடுவதற்கு நான் வைத்துக்கொண்ட அளவுகோல் விலையோ துல்லியமோ அன்று. இந்த எண்ணைப் பார்த்த பிறகு யார், எதை மாற்றப்போகிறார்கள் என்பதே அது. சாப்பாட்டையோ மாத்திரையையோ நடையையோ மாற்றாத ஓர் எண்ணுக்காக விரலைக் குத்திக்கொள்வதிலும் பணம் செலவழிப்பதிலும் பயனில்லை. இது என் சொந்த ஊகம் மட்டுமன்று. அமெரிக்காவின் வட கரோலினாவில் இன்சுலின் போடாத 450 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து 2017-இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் ஒருமுறை விரல் குத்திப் பார்த்தவர்களுக்கும் பார்க்கவே பார்க்காதவர்களுக்கும் ஆண்டு முடிவில் சராசரிச் சர்க்கரைக் கட்டுப்பாட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. அளப்பது வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. அளந்து எழுதி மூடிவைப்பதால் மட்டும் எதுவும் குறைந்துவிடாது என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

அப்பா சொன்ன லேப் பரிசோதனையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எச்பிஏ1சி என்ற அந்தப் பரிசோதனை, ரத்தச் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு பங்கு சர்க்கரையோடு ஒட்டியிருக்கிறது என்று பார்க்கிறது. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்பதால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி அதில் தெரிந்துவிடும். பரிசோதனைக்கு முந்திய நாள் மட்டும் பத்தியம் இருந்து இதை ஏமாற்ற முடியாது. 6.5 சதவீதமும் அதற்கு மேலும் சர்க்கரை நோய். நோய் உள்ள பெரும்பாலோருக்கு இலக்கு 7-க்குள். வயது முதிர்ந்து பிற நோய்களும் உடல்தளர்ச்சியும் உள்ளவர்களுக்கு 8 வரை தளர்த்திக்கொள்ளலாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்ற பெரிய முடிவுக்கு இதைவிடச் சிக்கனமான சான்று வேறில்லை. ஆனால் சராசரி என்பதே இதன் குறையும் ஆகும். இரவில் ரத்தச் சர்க்கரை 60-க்கு (மி.கி./டெ.லி.) இறங்கிப் பகலில் 250-க்கு ஏறும் ஒருவருக்கும், நாள் முழுக்க 150-ஐ ஒட்டியே இருக்கும் ஒருவருக்கும் ஒரே 7 வரலாம். மேலும் இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் எச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். அண்மையில் ரத்தம் இழந்தவருக்கோ ரத்தம் ஏற்றிக்கொண்டவருக்கோ குறைவாகக் காட்டக்கூடும். 15 முதல் 49 வயதுக்குள் உள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு கண்டிருக்கும்போது, ஹீமோகுளோபின் அளவைச் சேர்த்துப் பார்க்காமல் எச்பிஏ1சியை மட்டும் நம்புவது நம் நாட்டில் சரியாகாது.

அடுத்து, நான் சொன்ன குளுக்கோமீட்டர். கருவி ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. தொடர்ந்து செலவு வைப்பது ரத்தத் துளியை ஏந்தும் பட்டையான ஸ்ட்ரிப்தான், ஒன்று இருபது ரூபாய் அளவில் ஆகிறது. இதன் துல்லியத்தைப் பற்றி வீடுகளில் இரண்டு விதமான தவறான எண்ணங்கள் இருக்கின்றன. லேபோடு ஒத்துப்போகவில்லை, ஆகவே பொய் சொல்கிறது என்பது ஒன்று. காட்டுகிற எண் கடைசி இலக்கம் வரை உண்மை என்பது மற்றொன்று. இந்தக் கருவிகளுக்கான உலகத் தரம், உண்மை அளவு 100-க்குக் கீழ் இருந்தால் 15 புள்ளிகளும், 100-ம் அதற்கு மேலும் இருந்தால் 15 சதவீதமும் முன்பின்னாக இருக்கலாம் என்று இடம் தருகிறது. நூற்றில் 95 அளவீடுகள் இந்த வரம்புக்குள் வந்தால் கருவி தேறிவிடும். அதாவது உண்மையில் 200 இருக்கும்போது 170 என்றும் காட்டலாம், 230 என்றும் காட்டலாம். நேற்று 142, இன்று 155 என்று அம்மா வருத்தப்பட்டபோது, அந்த இரண்டும் ஒரே எண்தான் என்று சொல்லிப் புரியவைக்க எனக்குச் சில நாள்கள் ஆயின.

கருவி பொய் சொல்வதைவிட நாம் அதைப் பொய் சொல்ல வைப்பதே அதிகம். பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினால், விரலில் ஒட்டியிருக்கும் பழச்சாறே சர்க்கரையாகப் பதிவாகிவிடும்; மாம்பழக் காலத்தில் இதை நினைவில் வைக்க வேண்டும். ஸ்பிரிட் தடவிய பஞ்சைவிடச் சோப்பும் தண்ணீரும் மேல், ஆனால் கை நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைத்தால் நம் ஊர்க் காற்றின் ஈரமே அதைக் கெடுத்துவிடும். குளிர்பதனப் பெட்டியிலும் வைக்கக்கூடாது. விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைகிறது. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கருவியின் உறைக்குள் வைத்த பிறகுதான் அம்மாவின் அளவுகள் ஓர் ஒழுங்குக்கு வந்தன.

குளுக்கோமீட்டரின் உண்மையான பலம் இணைத்து அளப்பதில் இருக்கிறது. நாள்தோறும் விடியற்காலையில் மட்டும் வெறும் வயிற்றில் பார்ப்பது பலருடைய வழக்கம். அது இரவு முழுவதும் கல்லீரல் எவ்வளவு சர்க்கரையை வெளிவிட்டது என்பதைச் சொல்லுமேயொழிய, எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்பதைச் சொல்லாது. ஒரு வேளை உணவுக்குச் சற்று முன் ஒருமுறையும், முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறையும் அளந்தால், இரண்டுக்கும் உள்ள இடைவெளி அந்தத் தட்டில் இருந்ததைப் பற்றிப் பேசும். அம்மா பல ஆண்டுகளாக இட்லியைச் சந்தேகித்துக்கொண்டிருந்தார். இணைத்து அளந்து பார்த்தபோது மூன்று இட்லியும் நிறையச் சாம்பாரும் அவருக்கு ஏற்றிவிட்டதைவிட, சர்க்கரை நோயாளிக்கு நல்லது என்று நம்பி அவர் குடித்துவந்த, நன்றாக வடிகட்டிய கேழ்வரகுக் கஞ்சி அதிகம் ஏற்றியது. இது அம்மாவின் உடம்புக்குரிய விடை. வேறொருவருக்கு வேறாக இருக்கலாம், அதனால்தான் அவரவரே அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது. வாரத்துக்கு இரண்டு இணை, அதாவது நான்கு ஸ்ட்ரிப் என்று வைத்துக்கொண்டாலும் மாதச் செலவு முந்நூற்றைம்பது ரூபாயைத் தாண்டாது.

அண்ணன் சொன்ன சென்சார் முற்றிலும் வேறு வகையானது. மேற்கையின் பின்புறத்தில் ஒட்டும் வட்டு ஒன்றிலிருந்து மெல்லிய இழை தோலுக்கடியில் நிற்கிறது. அது ரத்தத்தை அளப்பதில்லை, உயிரணுக்களுக்கு இடையே உள்ள நீரில் சர்க்கரையை அளக்கிறது. ரத்தத்தில் ஏற்படும் மாற்றம் அந்த நீருக்கு வந்துசேர ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும் என்பதால், சர்க்கரை வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் சென்சார் சற்றுப் பின்தங்கும். பரவலாகக் கிடைக்கும் வகை பதினான்கு நாள் உழைக்கும். ஒன்றின் விலை நான்காயிரத்துக்கும் ஐந்தாயிரத்துக்கும் இடையில், ஆக மாதம் முழுவதும் போட்டால் பத்தாயிரத்தை ஒட்டிச் செலவாகும். சில வகைகளில் அளவு இறங்கினால் எச்சரிக்கை ஒலி வரும். சிலவற்றில் கைபேசியைக் கையருகே கொண்டுசென்றால்தான் அளவு தெரியும், எட்டு மணி நேரத்துக்கு மேல் அப்படிச் செய்யாவிட்டால் பழைய பதிவு அழிந்துவிடும். வாங்குவதற்கு முன் இந்த வேறுபாட்டைக் கேட்டே தீர வேண்டும், ஏனெனில் இரவில் சர்க்கரை இறங்கிவிடுமோ என்ற அச்சத்தில் வாங்குபவருக்கு ஒலி இல்லாத வகையால் பாதிப் பயன்தான்.

சென்சார் தரும் செல்வம் எண் அன்று, கோடு. 70-க்கும் 180-க்கும் இடையில் ஒரு நாளின் எத்தனை பங்கு நேரம் இருந்தோம் என்று அது காட்டும். பெரும்பாலோருக்கு அது 70 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்றும், 70-க்குக் கீழே இருக்கும் நேரம் 4 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும் என்றும் 2019-இல் பன்னாட்டு வல்லுநர்கள் வரையறுத்தார்கள். முதியவர்களுக்கு இது மேலும் தளர்வானது, தாழ்வைத் தவிர்ப்பதே முதன்மையானது. இன்சுலின் போடுபவர்களுக்கு இதன் பயன் ஆய்விலும் தெரிந்திருக்கிறது: நாளுக்கு ஒருமுறையோ இருமுறையோ நீண்டநேர இன்சுலின் மட்டும் போட்டுவந்த 175 பேரை வைத்து 2021-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், எட்டு மாதத்தில் சென்சார் போட்டவர்களின் எச்பிஏ1சி 9.1-இலிருந்து 8.0-க்கும், விரல் குத்திப் பார்த்தவர்களுடையது 9.0-இலிருந்து 8.4-க்கும் இறங்கியது. மாத்திரை மட்டும் போடும் ஒருவருக்கு ஆண்டு முழுவதும் இந்தச் செலவைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அம்மாவின் மாத்திரையில் கிளிமிபிரைடு இருக்கிறது. மெட்ஃபார்மின் தனியாகப் போடும்போது சர்க்கரை ஆபத்தாக இறங்குவது அரிது. கிளிமிபிரைடு அப்படியன்று, சாப்பாடு தாமதமானாலோ குறைந்தாலோ 70-க்குக் கீழே தள்ளிவிடக்கூடியது. அம்மா சில நாள்கள் விடியலில் வியர்த்து எழுந்ததாகச் சொன்னது என் நினைவில் இருந்தது. விரலைக் குத்திப் பார்க்க யாரும் விழித்திராத அந்த மூன்று மணியை வேறு எந்தக் கருவியும் பார்க்க முடியாது. ஆகவே ஒரே ஒரு சென்சார், பதினான்கு நாள் மட்டும் என்று அண்ணனும் நானும் உடன்பட்டோம்.

முதல் இரவே அண்ணனின் கைபேசியில் 58 என்று வந்தது. அவர் பதறிப்போய் அப்பாவை எழுப்பினார். விரலைக் குத்திப் பார்த்தால் 96. அம்மா இடப்பக்கமாகப் படுத்திருந்தார், சென்சாரும் இடக்கையில் இருந்தது. ஒட்டிய இடம் உடல் எடையில் அழுந்தினால் சென்சார் பொய்யாகத் தாழ்வு காட்டும் என்பது அறியப்பட்ட குறை. முதல் இருபத்து நான்கு மணி நேரத்தில் துல்லியமும் குறைவு. இதைத் தெரிந்துகொள்ளாமல் யாரேனும் அந்த நேரத்தில் ஒரு குவளை சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்திருப்பார்கள். வைட்டமின் சி மாத்திரையை அதிக அளவில் எடுப்பவருக்குச் சில சென்சார்கள் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டியதே. அதன்பின் வலப்பக்கம் படுத்த ஒன்பதாம் இரவிலும் பன்னிரண்டாம் இரவிலும் வந்த தாழ்வுகளை விரல்குத்தலும் உறுதிசெய்தது: 64, 61. இரண்டு நாளும் அம்மா இரவு உணவுக்கு இரண்டே இரண்டு இடியாப்பம் சாப்பிட்டிருந்தார். சென்சார் வழிகாட்டியாகவும் குளுக்கோமீட்டர் அதற்குச் சாட்சியாகவும் நிற்கும்போதுதான் இரண்டும் பயன்படுகின்றன என்பதை அந்தப் பதினான்கு நாளில் கண்டோம்.

கைக்கடிகாரத்தைப் பற்றி நீட்டி எழுத எதுவுமில்லை. தோலைத் துளைக்காமல் தானாகவே ரத்தச் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தான் ஒப்புதல் அளிக்கவில்லை என்றும், அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரி 21 அன்று எச்சரித்தது. கையில் ஒட்டிய சென்சாரின் அளவை வாங்கித் திரையில் காட்டும் கடிகாரம் வேறு, தானே அளப்பதாகச் சொல்லும் கடிகாரம் வேறு. பின்னதை நம்பி மாத்திரையையோ இன்சுலினையோ கூட்டிக்கொண்டால் உயிருக்கே கேடு வரலாம். எங்கள் பட்டியலிலிருந்து அதை முதல் நாளே எடுத்துவிட்டோம்.

அளந்ததை எங்கே எழுதிவைப்பது என்பதும் எங்களுக்குள் விவாதமானது. செயலி தானாக வரைபடம் போடும், தூரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் இரண்டு இடியாப்பம் என்பதையும், உறவினர் வீட்டுத் திருமணம் என்பதையும், காய்ச்சல் என்பதையும் அம்மா அதில் தட்டச்சு செய்யப்போவதில்லை. நோட்டில் அதையெல்லாம் தம் கையால் எழுதுகிறார். ஒரு நோயாளிக்கு மருத்துவரால் ஒதுக்க முடிந்த ஐந்து நிமிடத்தில் கைபேசியைத் திறந்து தேடுவதைவிட, ஒரே பக்கத்தில் உள்ள இரண்டு வாரக் கணக்கு விரைவாகப் படிக்கப்படுகிறது. லேப் முடிவுகளுக்கும் மருந்துச் சீட்டுகளுக்கும் மட்டும், மருத்துவப் பதிவுகளை இணையத்தில் ஒன்றாக இணைக்கும் ஆபா எண் எடுத்தோம். ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுமைக்கும் விரிவாக்கப்பட்டதிலிருந்து கிடைத்துவரும் இந்தப் பதினான்கு இலக்க எண், காப்பீட்டு அட்டை அன்று. பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். எடுப்பது கட்டாயமும் அன்று. ஒவ்வொரு மருத்துவமனையும் பதிவைப் பார்க்க நம் ஒப்புதல் வேண்டும். இலவசச் செயலிகள் கேட்கும் அனுமதிகளை ஒருமுறை நிதானமாகப் படித்த பிறகு, தொடர்பு எண்களையும் இருப்பிடத்தையும் கேட்ட ஒன்றை நான் நீக்கிவிட்டேன். சர்க்கரையை எழுதிவைக்க அவை எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

இணையத்தில் படிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் எந்தக் கருவியைவிடவும் அம்மாவின் மாத்திரையை நிறுத்தவைக்கும் ஆற்றல் அதற்குத்தான் அதிகம். "சர்க்கரை நோய் முற்றிலும் குணமாக" என்று தேடினால் வருவது ஒரு வகை. "கிளிமிபிரைடு சாப்பாட்டுக்கு முன்னா பின்னா" என்று தேடினால் வருவது வேறு வகை. கேள்வி எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ அவ்வளவுக்கு விற்பனைக்காரர்கள் குறைவார்கள். சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக மருந்தை விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டப்படி குற்றம். அந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே காணொளிகளில் பெரும்பகுதியை மூடிவிடலாம். இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. நோய் கண்டு ஆறு ஆண்டுக்குள் உள்ள, இன்சுலின் போடாத, உடல் பருமன் மிக்கவர்களுக்கு நாளொன்றுக்கு 850 கலோரியை ஒட்டிய உணவை மருத்துவக் கண்காணிப்பில் கொடுத்த பிரிட்டிஷ் ஆய்வில், ஓராண்டின் முடிவில் 46 சதவீதம் பேர் மருந்தின்றியே சர்க்கரை நோயின் எல்லைக்குக் கீழே வந்தார்கள். அது மெய். அதைக் காட்டிவிட்டு, பதினோரு ஆண்டு நோயுள்ள, ஒல்லியான 67 வயதுப் பெண்ணிடம் பொடி விற்பதே பொய். பொய் பெரும்பாலும் இப்படி மெய்யின் மேல் ஏறித்தான் வருகிறது. செயற்கை நுண்ணறிவு உரையாடிகளையும் நான் பயன்படுத்துகிறேன். மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை ஒழுங்குபடுத்த அவை உதவுகின்றன, மாத்திரையின் அளவை முடிவுசெய்ய அவற்றிடம் கேட்பதில்லை.

இலவசத் தொலைமருத்துவமான இசஞ்சீவனியையும், வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தரும் மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டத்தையும் நாங்கள் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டோம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கிய இந்தத் திட்டம், குளுக்கோமீட்டர் வாங்கவோ பயன்படுத்தவோ இயலாத வீடுகளுக்கு மற்ற எல்லாவற்றுக்கும் முன் நாட வேண்டியது. ஆயினும் திரை வழியே பார்க்கும் எந்த மருத்துவராலும், எந்தச் சென்சாராலும், பாதத்தின் அடியில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை கண்ணின் விழித்திரை, பாதம், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் ஆகிய மூன்றையும் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். சென்சாருக்கு ஆண்டு முழுவதும் ஆகும் லட்சத்தில் சிறு பங்கு இருந்தால் இந்த மூன்றும் முடிந்துவிடும் என்பதுதான் அண்ணனின் மனத்தை மாற்றிய கணக்கு.

பதினான்கு நாள் கோட்டையும் நோட்டையும் சேர்த்துப் பார்த்த மருத்துவர், இரவு மாத்திரையில் கிளிமிபிரைடை நீக்கி மெட்ஃபார்மினை மட்டும் வைத்தார். இப்போது வாரத்துக்கு இரண்டு இணை விரல்குத்தல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹீமோகுளோபினோடு சேர்த்து எச்பிஏ1சி, மருந்து மாறினாலோ விடியலில் வியர்வை திரும்பினாலோ மட்டும் மற்றொரு சென்சார் என்று வைத்திருக்கிறோம். படுக்கையருகே ஒரு டப்பாவில் குளுக்கோஸ் இருக்கிறது. 70-க்குக் கீழே போனால் அதில் 15 கிராம் எடுத்துக்கொண்டு, 15 நிமிடம் கழித்து மறுபடியும் விரலைக் குத்திப் பார்க்க வேண்டும் என்பது அப்பாவுக்கும் மனப்பாடம். நாளுக்கு நான்கு முறை இன்சுலின் போடும் என் மாமா இதே கேள்வியைக் கேட்டபோது இந்த வரிசையை அப்படியே அவருக்குச் சொல்லவில்லை. அவருக்கு எச்சரிக்கை ஒலியுள்ள சென்சாரே முதல் செலவு. வேறு எதைக் குறைத்தாலும் அதைக் குறைக்க வேண்டாம் என்றேன்.